பதினைந்தாயிரத்துக்குப் பதினைந்து குதிரை

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். குதிரை வாங்க வந்தவர் முதலில் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். அப்புறம் நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி, குளம்பு. ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொல்வார். அதற்குப் பிறகுதான் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவது. நம் நகரங்களின் புறவழிச்சாலை ஓரங்களில் இப்போது வேறொரு குதிரைச் சந்தை கூடியிருக்கிறது. வாடகைக்குப் பிடித்த ஒரு ஷட்டர், ஒரு லேப்டாப், சுவரில் ஒரு ஃபார்முலா ஒன் போஸ்டர், கறுப்பு டி-ஷர்ட் போட்ட இரண்டு பையன்கள். அவ்வளவுதான் முதலீடு. ஆயிரம் ரூபாய்க்கு ஒரு குதிரை என்ற கணக்கில் மொத்தமாக ஓட்டிக்கொண்டு போகலாம். இங்கே பல் பார்க்கும் வழக்கம் இல்லை.

"ப்ரோ, ஸ்டேஜ் ஒன் போட்டா பதினஞ்சு எச்பி ஏறும். பிக்கப் அள்ளும். மைலேஜும் கூடும்."

ஒரே மூச்சில் மூன்று வாக்குறுதி. தேர்தல் அறிக்கையைக்கூடச் சிலர் படித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள். இதைக் கேட்டுச் சிரித்தவர் எவரும் இல்லை. காலை அழுத்தினால் வண்டி பாய வேண்டும், பெட்ரோலும் குறைவாகக் குடிக்க வேண்டும், அவை இரண்டும் ஒரு மாத இஎம்ஐ தொகைக்குள் முடிய வேண்டும். இயற்பியல் ஆசிரியரிடம் பத்தாம் வகுப்பில் வாங்கிய அடியெல்லாம் வீண்.

இந்தச் சந்தையின் வாசலிலேயே சில்லறைக் கடைகள் உண்டு. சைலன்சர் வாயில் செருகிக்கொள்ள ஒரு அலுமினியக் குழல் விற்கிறார்கள். புகை அதன் வழியாக வெளியேறும்போது விசில் அடிக்கும். டர்போ இல்லாத வண்டிக்கு டர்போ ஓசை. பெட்ரோல் குழாயில் மாட்ட ஒரு காந்தம் இருக்கிறது. எரிபொருளின் மூலக்கூறுகளை வரிசையில் நிற்க வைக்குமாம். ரேஷன் கடையில் நம்மை நிற்க வைக்க முடியாத நாட்டில். டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் ஒரு சின்னப் பெட்டியும் உண்டு. 'உங்கள் ஓட்டும் பாணியைக் கற்றுக்கொண்டு இன்ஜினை மாற்றியமைக்கும்' என்று அட்டையில் போட்டிருக்கும். இப்படி விற்ற பெட்டிகளை உடைத்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது, கண் சிமிட்டும் சில விளக்குகளையும் வண்டியோடு ஒரு வார்த்தைகூடப் பேசாத ஒரு சில்லையும்தான். இருபது கிலோமீட்டர் ஓட்டியதும் 'இப்போ பிக்கப் கூடியிருக்கு' என்று வாங்கியவர் சத்தியம் செய்வார். காசு கொடுத்தாயிற்று, கூடித்தானே ஆக வேண்டும்.

இந்தச் சில்லறைக் கடைக்காரர்கள்மீது எனக்குப் பெரிய கோபம் இல்லை. காந்தத்தாலும் விசிலாலும் ஏமாந்தவரின் பை மட்டும்தான் காலியாகிறது. என் கோபமெல்லாம் உள்ளே ஷட்டருக்குப் பின்னால் விற்கிற சரக்கின்மேல். ஏனென்றால் அது உண்மையாகவே வேலை செய்கிறது.

வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைய இன்ஜினை ஆளுவது இசியு என்கிற சிறு கணினி. அதற்குள் கட்டம் கட்டமாக எண்கள். ஒரு பக்கம் இன்ஜின் சுழலும் வேகம், இன்னொரு பக்கம் அதன் சுமை. இந்த வேகத்தில் இந்தச் சுமைக்கு எவ்வளவு எரிபொருள், பொறி எப்போது, டர்போ எவ்வளவு காற்றை அழுத்தித் தள்ள வேண்டும் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கட்டளை. இந்த அட்டவணையை நிரப்பத் தொழிற்சாலைப் பொறியாளர்கள் வருடக்கணக்கில் வண்டியை ராஜஸ்தான் வெயிலிலும் லடாக் குளிரிலும் ஓட்டுகிறார்கள். நிரப்பும்போது கொஞ்சம் இடைவெளி விட்டு வைக்கிறார்கள். தாராள மனம் என்று நினைக்க வேண்டாம், அனுபவம். ஏதோ ஒரு பங்கில் கலப்பட டீசல் போடுவோம் என்பது அவர்களுக்குத் தெரியும். வேலூர் மே மாத வெயிலில் ஏசியை முழுதாக வைத்து, ஐந்து பேர் காரில் ஏழு பேரை அடைத்து, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றுவோம் என்பதும் தெரியும். ஆயில் மாற்றச் சொன்ன கிலோமீட்டரைத் தாண்டி மூன்று மாதம் ஓட்டுவோம் என்பது நன்றாகவே தெரியும். அந்த இடைவெளி நம் அலட்சியத்துக்காக முன்கூட்டியே ஒதுக்கிய பணம். அட்டவணையைத் திருத்தி எழுதி, 'ரீமேப்' என்று பெயர் வைத்து, அதைத்தான் லேப்டாப் பையன் நம்மிடமே பதினைந்தாயிரத்துக்கு விற்கிறான்.

டர்போ உள்ள இன்ஜினில் இருபது, முப்பது சதவீதம் வரைகூட சக்தியைக் கூட்டிவிடலாம். டர்போ அழுத்தத்தை ஏற்றி, எரிபொருளைக் கூடுதலாகத் தெளித்தால் முடிந்தது. டர்போ இல்லாத சாதாரணப் பெட்ரோல் வண்டியில் ரீமேப் செய்து கிடைப்பது சொற்பம். ஏசியை அணைத்தாலே கிட்டத்தட்ட அந்த வித்தியாசம் கிடைக்கும். ஆனால் பதினைந்தாயிரம் இரண்டுக்கும் ஒன்றுதான். சந்தையில் சமத்துவம் வாழ்க.

முறையாகச் செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. வண்டியைச் சக்தி அளக்கும் டைனோ உருளைகள்மேல் ஏற்றிக் கட்டுவார்கள். முதலில் இருக்கிற நிலையில் ஓட்டி அளப்பார்கள். காற்று-எரிபொருள் விகிதத்தைப் படிக்க புகைக்குழாயில் சென்சார் வைப்பார்கள். பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு எரிபொருள் என்பது அடிப்படை. முழு வேகத்தில் அது எங்கே போகிறது, இன்ஜின் தட்டுகிறதா, புகையின் சூடு எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து, ஒரு கட்டத்தை மாற்றி மறுபடி ஓட்டி, இன்னொன்றை மாற்றி மறுபடி ஓட்டி, ஒரு நாள் ஆகிவிடும். வண்டியின் கிளட்சும் டர்போவும் தேய்ந்திருந்தால் 'முதலில் இதைச் சரிசெய்துவிட்டு வாங்க' என்று திருப்பி அனுப்புவார்கள். இவர்களிடம் நம் ஆட்கள் ஒருமுறைதான் போவார்கள், விலை கேட்க.

ஷட்டர் கடையில் இந்தத் தொல்லை இல்லை. லேப்டாப்பை மாட்டுவான், இருக்கிற ஃபைலை எடுப்பான், எங்கேயோ இருக்கும் 'மாஸ்டர்' ஒருவருக்கு அனுப்புவான். டீ வருவதற்குள் புது ஃபைல் வந்துவிடும். உங்கள் வண்டிக்கென்றே தைத்த சட்டை என்பார்கள். போன வாரம் சேலத்துக்காரருக்கும் நேற்று நாகர்கோவில்காரருக்கும் கொடுத்ததும் அதே சட்டைதான். 1.3 லிட்டர் ஃபியட் டீசல் இன்ஜின் ஒரு காலத்தில் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், புன்டோ, விஸ்டா என்று பாதி இந்தியாவைச் சுமந்தது. 75 குதிரை, 190 நியூட்டன் மீட்டர். அதே இன்ஜினை 90 குதிரைக்கு உயர்த்தி எர்டிகாவிலும் சியாஸிலும் கொடுத்தபோது தயாரித்த கம்பெனியே வேறு வகை டர்போ வைத்துத்தான் கொடுத்தது. நம்ம மாஸ்டருக்கு வேறு டர்போவெல்லாம் தேவையில்லை. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய டர்போவிலேயே நூறு குதிரையை இறக்கிக் கட்டிவிடுவார். அது எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால் பதில் தயார்: "ஓட்டுற விதத்துல இருக்கு ப்ரோ."

சரி, குதிரை வந்துவிட்டது. கடிவாளம்? அது இந்தப் பட்டியலில் இல்லை. பிரேக் பேட் மாற்றினீர்களா என்று அந்த ஷட்டருக்குள் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. டயர் வழவழவென்று இருக்கும், அதன்மேல் ஸ்டேஜ் டூ. எண்பதில் போகிற வண்டியை நூறுக்குக் கொண்டுபோனால் வேகம் கால்பங்குதான் கூடுகிறது. நிறுத்த வேண்டிய ஆற்றலோ பாதிக்கும் மேலாக, 56 சதவீதம், கூடுகிறது. இது பாடப்புத்தகக் கணக்கு. 2022-இல் சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். இந்தியா முழுவதும் அந்த ஆண்டு சாலையில் செத்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அதிவேகத்தால் என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. 'பர்ஃபார்மன்ஸ்' என்று நம்மூரில் வாங்குவது கிளம்புகிற வேகத்தை மட்டும்தான். நிற்கிற வேலையை எதிரே வருகிறவர் பார்த்துக்கொள்வார்.

இப்போது அந்த மலிவு விலையின் மர்மத்துக்கு வருவோம். சக்தி எங்கிருந்தும் இனாமாக வராது. பதினைந்தாயிரம் நீங்கள் கொடுத்தது முன்பணம். மீதி பில் வேறு விலாசத்துக்குப் போகிறது.

அது போகிற விதத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமா? வண்டி லிஃப்டில் ஏறுகிறது. பையன் கட்டிங் மெஷினை எடுத்துக்கொண்டு கீழே போகிறான். தீப்பொறி சிதறுகிறது, இரும்பு கருகும் வாடை. புகைக்குழாயின் நடுவில் வீங்கியிருக்கும் ஒரு தகர உருண்டையை இரண்டு பக்கமும் அறுத்து எடுக்கிறான். அதுதான் கேட்கான், அதாவது கேட்டலிடிக் கன்வெர்ட்டர். உள்ளே பீங்கானில் நெருக்க நெருக்கமாக நுண்ணிய துளைகள். துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் பிடித்து, ஓரளவு சுவாசிக்கத் தகுந்த காற்றாக மாற்றி அனுப்புவது அதன் வேலை. அறுத்த இடத்தில் ஒரு நேர்குழாயை வெல்டிங் வைக்கிறான். பரிசோதனை சென்சார் கூச்சலிடாமல் இருக்க மென்பொருளில் அதன் வாயைக் கட்டியாயிற்று. வண்டிக்காரருக்கு நாலைந்து குதிரை கூடிய மகிழ்ச்சி. வெட்டிய கேட்கான் மூலையில் இருக்கும் சாக்குக்குள் விழுகிறது. 'ஸ்கிராப்புதான், நாங்களே தூக்கிப் போட்டுக்கறோம்' என்கிறான் பெருந்தன்மையாக. அதை எடைக்கு வாங்கிப் போகும் வியாபாரிக்குப் பிளாட்டினத்தின் விலை தெரியும், பையனுக்கும் தெரியும். தெரியாதவர் கூலி கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார். கூலியும் கொடுத்து, பிளாட்டினமும் கொடுத்து, 'நல்ல பையன், ரேட் கம்மி' என்று நாலு பேருக்குச் சொல்லவும் செய்வார்.

இதில் ஏமாந்தவர் அவர் மட்டும் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்தத் தகர உருண்டை வடிகட்டிய விஷம் இனிமேல் சிக்னலில் அவருக்குப் பின்னால் நிற்கிற டிவிஎஸ் எக்ஸ்எல்காரருக்குப் போகிறது. பூக்கடைப் பாட்டிக்குப் போகிறது. கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டுக்கொண்டு குதிரைகளின் கனைப்பை ரசிக்கும் ஒரே ஒருவருக்கு மட்டும் அதில் பங்கு குறைவு. பிஎஸ்6 டீசலாக இருந்தால் கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியையும் கழற்றிவிடுவார்கள். 'அடைச்சுக்குது ப்ரோ, அதான் தலைவலி.' அடைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. அது அடைத்துக்கொள்ளாவிட்டால் பள்ளி வாசலில் நிற்கிற பிள்ளையின் நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் அந்தப் பட்டாசு. காலை எடுத்ததும் சைலன்சரிலிருந்து படபடவென்று வெடிக்க வேண்டுமாம். அதற்குத் தனியாக மூவாயிரம். செய்வது இவ்வளவுதான்: ஆக்சிலேட்டரை விட்டபிறகும் இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கச் சொல்லி, பொறியைத் தாமதப்படுத்தி, எரிய வேண்டியதைப் புகைக்குழாயில் எரியவிடுவது. சென்னையில் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய பெட்ரோலைச் சத்தமாக மாற்றும் தொழில்நுட்பம். தீபாவளிக்குக் காலை ஒரு மணி நேரம், இரவு ஒரு மணி நேரம் என்று அரசு நேரம் குறித்துக் கொடுக்கிறது. இவர்களுக்கு வருடம் முழுக்க நள்ளிரவு தீபாவளி. இருசக்கர வண்டி 80 டெசிபலுக்குமேல் இரையக் கூடாது என்று தயாரிப்பாளருக்கு விதி இருக்கிறது. அந்த விதியைக் கழற்றித் தெருவில் எறிய ஒரு ஸ்பேனர் போதும். அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு லோக்கல் சைலன்சர் புல்லட் தெருவைக் கடந்தால் எத்தனை வீட்டில் தொட்டில் ஆடத் தொடங்குகிறது, எத்தனை மாத்திரை போட்ட பெரியவர்கள் எழுந்து உட்கார்ந்து விடியலுக்குக் காத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க எந்தத் துறையும் இல்லை. வண்டிக்காரர் மூவாயிரம் கொடுத்தார். தெரு தூக்கத்தைக் கொடுத்தது.

சட்டம் எங்கே என்பீர்கள். சட்டம் திடகாத்திரமாக இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் அதை அடித்துச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சட்டவிரோதமாக வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம். புகை, ஒலி விதியை மீறினால் 10,000 ரூபாய்வரை, மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமமும் போகும். படிக்கவே நடுக்கமாக இருக்கிறதல்லவா? கடைக்காரருக்கு நடுக்கம் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை ஏதாவதொரு நகரத்தில் பிடிபட்ட சைலன்சர்களைச் சாலையில் வரிசையாகப் படுக்க வைத்து ரோட் ரோலர் ஏற்றுகிறார்கள். கேமராக்கள் வருகின்றன, அதிகாரி பேட்டி கொடுக்கிறார். நசுங்கிய சைலன்சருக்குப் பதில் புதியது வாங்க அன்று மாலையே பையன்கள் அதே கடைக்குப் போகிறார்கள். ரோட் ரோலருக்கு அந்தக் கடைத் தெருவுக்குள் வழி தெரியவில்லை. சைலன்சர் நசுக்கும் விழாவுக்கு நிதியுதவி செய்ய வேண்டியவர் உண்மையில் சைலன்சர் வியாபாரிதான்.

புகைச் சான்றிதழ்? அது பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிற்கும் ஆம்னி வேனில் கிடைக்கும். இன்ஜினை அணைத்துவிட்டுப் போய் நின்றாலும் பல இடங்களில் பரீட்சையில் பாஸ். நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ எடுத்தால் போதும், மீதியைக் கணினி நம்பிக்கொள்கிறது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு: டெல்லியின் காற்று மாசு குறித்து மத்தியத் தணிக்கைத் துறை கொடுத்து, 2025-இல் டெல்லி சட்டமன்றத்தில் வைத்த அறிக்கையில், வரம்பை மீறிப் புகை விட்ட 1.08 லட்சம் வண்டிகளுக்குச் சான்றிதழ் வழங்கியிருந்தது தெரியவந்தது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்குப் பரிசோதனையும் சான்றிதழும் ஒரே நிமிடத்தில் முடிந்திருந்தன. உலகத்தில் மூச்சுத் திணறலுக்குப் பேர்போன நகரத்தின் லட்சணம் இது. நம் ஊர் வேன்களை யாராவது அந்தக் கண்ணோடு தணிக்கை செய்தால் அந்த ஒரு நிமிடமே நீண்ட நேரமாகத் தெரியலாம்.

சட்டத்தின் கண்ணுக்கு ஒரு சிறப்பு உண்டு, அது ஆளைப் பார்த்து ஃபோகஸ் செய்யும். பல்சரில் வந்த மெக்கானிக் பையனின் சைலன்சர் அரை கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே தெரிகிறது. முன்னால் இரும்புக் கம்பி மாட்டி, கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டி, கட்சிக் கொடி கட்டிவரும் வெள்ளை எஸ்யூவி எதிரே நின்றாலும் தெரிவதில்லை. கறுப்பு ஃபிலிமுக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது 2012-இல். முன்பக்கக் கம்பிக்கு எதிராக மத்திய அரசு உத்தரவு 2017-இல். அந்தக் கம்பி மோதலின்போது ஏர்பேக் சரியாக விரிவதைக் கெடுக்கும், குறுக்கே வந்த ஆளின் இடுப்பெலும்பை உடைக்கும் என்பதெல்லாம் விளக்கமாக எழுதிய பின்பும், கட்சிக் கூட்டம் நடக்கிற மைதானத்தின் பார்க்கிங்கில் போய்ப் பாருங்கள். கம்பி இல்லாத வண்டி இருந்தால் அது கட்சிக்காரருடையதாக இருக்காது, போண்டா கொண்டுவந்தவருடையதாக இருக்கும்.

சரி, சின்னப் பசங்களையே ஏன் திட்டுகிறாய், பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால், பெரியவர்களிடம்தான் இவர்கள் கற்றார்கள் என்பேன். உலகத்தின் மிகப்பெரிய ஷட்டர் கடை ஜெர்மனியில் இருந்தது. 2015-இல் அமெரிக்காவில் பிடிபட்டது ஃபோக்ஸ்வாகன். சோதனைக் கூடத்தில் இருக்கிறோம் என்பதை டீசல் கார் தானாகவே மோப்பம் பிடித்துக்கொள்ளும்; அப்போது நல்ல பிள்ளையாகப் புகையைக் கட்டுப்படுத்தும். சாலைக்கு வந்ததும் வேறு முகம். நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைவிட 40 மடங்குவரை. உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்களில் இந்த மென்பொருள். இந்தியாவிலும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது. நிறுவனம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. புறவழிச்சாலை ஷட்டர்காரன் செய்வதும் இதேதான், அவனிடம் கோட்டும் டையும் இல்லை.

இன்னொரு ஜெர்மன் கம்பெனி அமெரிக்காவில் 2022-இல் அறிவித்தது: உங்கள் மின்சார பென்ஸ் இன்னும் வேகமாகப் பாய வேண்டுமா, ஆண்டுக்கு 1,200 டாலர் கட்டுங்கள். மோட்டார் அதேதான், பேட்டரி அதேதான். பூட்டி வைத்ததைத் திறந்துவிட வருட வாடகை. ஷட்டர் கடைக்காரன் நம் இடைவெளியை நமக்கே ஒருமுறை விற்கிறான். இவர்கள் அதையே வருடா வருடம் விற்கிறார்கள். அவன் செய்தால் வாரன்டி ரத்து, இவர்கள் செய்தால் அப்டேட்.

இந்தியாவின் ஆகப்பெரிய ரீமேப் எது தெரியுமா? அதை எந்தக் கடையிலும் செய்யவில்லை. பெட்ரோல் பங்கில் செய்தார்கள், உங்களைக் கேட்காமல். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதற்கு முதலில் குறித்த கெடு 2030; அதை முன்னே இழுத்து 2025-இல் நாடெங்கும் ஊற்றிவிட்டார்கள். எத்தனாலில் இருக்கும் ஆற்றல் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்கு அளந்து வைத்த கார்களில் 6 முதல் 7 சதவீதம்வரை மைலேஜ் குறையும் என்று 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையிலேயே இருந்தது. அதாவது தெரிந்தே செய்தது. வண்டிக்காரன் தன் இன்ஜினை மாற்றினால் ஆறு மாதம் சிறை. அரசு நாட்டின் எல்லா இன்ஜினுக்குள்ளும் போகிற சரக்கை மாற்றினால் அது தேசபக்தி. கரும்பு விவசாயிக்கு நல்லது, அந்நியச் செலாவணி மிச்சம் என்கிறார்கள். இருக்கட்டும், மறுக்கவில்லை. மிச்சமான அந்தப் பணத்தில் லிட்டருக்கு ஒரு ரூபாய் குறைத்தார்களா? வேண்டாம், எத்தனால் கலக்காத பெட்ரோலையும் பக்கத்துக் குழாயில் சாதாரண விலைக்கு வைத்து, எது வேண்டும் என்று கேட்டார்களா? மலிவு என்று சொல்லி மீதி பில்லைப் பக்கத்து வீட்டுக்காரன் கணக்கில் எழுதும் கலையை ஷட்டர்காரன் யாரிடம் படித்தான் என்பது இப்போது புரிகிறது.

வேகத்தின்மேல் எனக்கு வெறுப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த மண்ணில் வண்டியை முறுக்கும் கலைக்கு ஒரு கௌரவமான வம்சாவளி உண்டு. சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியபோது, அன்றைய ஃபியட்டையும் அம்பாசிடரையும் பிரித்து மேய்ந்து, கார்புரேட்டரை மாற்றி, ஹெட்டைச் சீவி, சொந்தக் கையால் வேகம் சேர்த்தவர்கள் இருந்தார்கள். கோவையின் எஸ். கரிவரதன் மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார், ஃபார்முலா மாருதி. சாமானிய இந்தியன் அந்தக் காலத்தில் பந்தயம் ஓட்ட முடிந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். மலிவு விலையில் வேகம் என்றால் அது. ஹெல்மெட், கூண்டு, வேலி, ஆம்புலன்ஸ், நேரம் குறிக்கும் ஆள். பக்கத்தில் பிள்ளையார் கோயிலும் பால்வாடியும் இல்லாத பாதை. தப்பினால் அடி ஓட்டுகிறவனுக்கு. அங்கே பில் ஓட்டுகிறவன் பெயரிலேயே வந்தது.

2024 ஆகஸ்ட் 31-ஆம் தேதியும் மறுநாளும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் அரசுச் சாலையை மூடி, விளக்குப் போட்டு, ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடத்தினார்கள். பந்தயம் போகிற அந்த நீளத்துக்கு மட்டும் சாலை கண்ணாடி. அண்ணா சாலையில் பள்ளமே இல்லாத ஒரு துண்டு இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த டிக்கெட்டை வாங்க முடியாமல் நேப்பியர் பாலத்துக்கு இப்பால் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போன பையனுக்கு இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் மாதம் ஒரு ஞாயிறு, பெட்ரோல் காசுக்கு, பயிற்சியாளர் ஒருவரோடு ஓட்டிப் பார்க்க ஓர் ஏற்பாடு செய்ய எவருக்கும் தோன்றவில்லை. அதில் கட்அவுட் வைக்க இடமில்லை. ஆகவே அவன் ஈசிஆருக்குப் போகிறான். அங்கே நள்ளிரவில் இட்லிக் கடை மூடிவிட்டு சைக்கிளில் வீடு திரும்புகிறவர் ஒருவர் சாலையைக் கடந்துகொண்டிருப்பார்.

அந்தப் பையனின் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பில் நானூற்றைம்பது எடுத்தால் பைக் என்று சொன்னவர் அவர்தான். சைலன்சர் சத்தத்தில் வீட்டுச் சன்னல் அதிரும்போது 'வயசு அப்படி' என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சிரித்தவரும் அவர்தான். போலீஸ் பிடித்தால் வார்டு கவுன்சிலருக்கு முதல் போன் அவருடையது. இன்சூரன்ஸ் கம்பெனி 'வண்டியில் சொல்லாத மாற்றம் செய்திருக்கிறீர்கள், க்ளெய்ம் கிடையாது' என்று கடிதம் அனுப்பும் நாளில்தான் அவருக்கு நாட்டில் அநியாயம் பெருகிவிட்டது தெரியும்.

ஆனால் பெரும்பாலும் அதுவரை போவதில்லை. கிளட்ச் வழுக்கத் தொடங்கும், டர்போவில் ஆயில் கசியும், ஏற்றத்தில் கறுப்புப் புகை தள்ளும். மெக்கானிக் செலவைச் சொன்னதும் புத்தி வந்துவிடும். ஷட்டர் கடைக்கு மறுபடி ஒரு பயணம். இரண்டாயிரம் ரூபாய்க்குப் பழைய கம்பெனி ஃபைலை ஏற்றித் தருவான், கொஞ்சம் கெட்டி ஆயில் ஊற்றிப் புகையை அமுக்கித் தருவான், சீட்டுக்குப் புது கவரும் போட்டுத் தருவான். மறுநாள் விளம்பரம் வரும்: 'ஒரே ஓனர். டாக்டர் யூஸ் பண்ணிய வண்டி. கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டு உண்டு. எண்பதுக்கு மேல் போனதே இல்லை. பேமிலிக்கு ஏற்றது. புரோக்கர்கள் அழைக்க வேண்டாம்.'